தோட்டத்துக்குக் களை

கடலூரில் நான் பணியாற்றிய உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் அண்மையில் ஒரு மலர் வெளியிட்டனர். அதன் நடுப்பக்கத்தில் பள்ளி முன்வெளியில் நிற்கும் புன்னை மரங்களின் படம் இருக்கிறது. படத்தின் கீழே ‘தமிழய்யா தோட்டம்’ என்று அச்சிட்டு, அறுபதுகளில் அந்த வெறும் மணலில் அம்மரங்களை வைத்து வளர்த்தவன் நான் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் என்மீது அன்புடையவர்கள். தாங்கள் கேள்விப்பட்டதை எழுதினார்கள். ஆயினும் அது உண்மையன்று. அத்தோட்டத்தை ஆக்கியவர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். நான் அதில் என் கையால் செய்தது ஒரே ஒரு செயல். அச்செயலை அறிந்தவர்களுள் எஞ்சியிருப்பவன் நான் மட்டுமே என்பதால், எண்பத்தேழாம் அகவையில் இக்குறிப்பை எழுதக் கடமைப்பட்டவனாகிறேன்.

எழுதத் தொடங்குமுன் என் பழைய அகராதியைத் திறந்து, அதனுள் இருந்த அஞ்சலட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. எழுத்துகள் மட்டும் அன்று எழுதியவை போலவே இருக்கின்றன. எழுதப்பட்டவை என்பதைவிட வரையப்பட்டவை என்பதே பொருந்தும். ஒவ்வொரு சுழியும் அளவெடுத்து வைத்தாற்போல் நிற்கும். கீழ்மூலையில் ஒரு கிணறும் அதன் அருகே முட்செடி ஒன்றும் சிறிதாக வரையப்பட்டு, அச்செடியைச் சுற்றி ஒரு வட்டம் இடப்பட்டிருக்கிறது. ‘களை’ என்னும் சொல் வரும் பக்கத்தில் அந்த அட்டையை நெடுங்காலமாக வைத்திருக்கிறேன்.

ஓவிய ஆசிரியர் லால்பேட்டையைச் சேர்ந்த இசுலாமியர். என்னைவிட நான்கைந்து ஆண்டு மூத்தவர். வாரம் முழுவதும் கடலூரில் ஒரு சிற்றறையில் தங்குவார். விடுமுறையில் ஊருக்குப் போவார். நானோ சிதம்பரத்திலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் வந்து செல்பவன். அக்காலத்தில் எனக்குத் தூய தமிழ்மீது இருந்த பற்று அளவு கடந்தது. அதைப் பற்று என்று இன்று சொல்கிறேன். அன்று உடன் பணியாற்றியவர்கள் வேறு பெயர் சொல்லியிருக்கக்கூடும். ஆசிரியர் ஓய்வறையில் எவர் வாயிலிருந்து பிறமொழிச் சொல் வந்தாலும் அதற்கு ஈடான தமிழ்ச் சொல்லை உடனே எடுத்துவைப்பேன். மற்றவர்கள் என்னைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஓவிய ஆசிரியர் ஒருவர்தாம் அதை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டவர். “வெயில் ஜாஸ்தி” என்று தொடங்குவார். என் முகத்தைப் பார்ப்பார். “இருங்க, இருங்க, மிகுதி” என்று தாமே திருத்திக்கொண்டு சிரிப்பார். கேட்ட சொற்களைத் தம் வரைதாள் ஏட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்தும் வைப்பார்.

எங்கள் பள்ளியின் முன்வெளி கடற்காற்றுக்கு நேர் எதிராக விரிந்த மணற்பரப்பு. கோடையில் கிணற்று நீர் உவர்ப்பாகிவிடும். தலைமையாசிரியருக்கு அவ்விடத்தில் ரோசாச் செடிகளும் வண்ண இலைக் குரோட்டன்சும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இரண்டு முறை வைத்தார். இரண்டு முறையும் சித்திரை முடிவதற்குள் அவை கருகின. மூன்றாம் முறை அவர் பேச்செடுத்தபோது ஓவிய ஆசிரியர் எழுந்து, “சார், தண்ணி ஊத்தி வளக்குற செடி நமக்கு ஒத்து வராது. யாரும் ஊத்தாமலே இந்த மண்ணுல எது நிக்குதோ அத வெப்போம். எங்கிட்ட வுடுங்க” என்றார். தலைமையாசிரியர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒரு வருஷம் பாருங்க. அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப பச்சையா இருந்தா இருக்கட்டும். இல்லன்னா எல்லாத்தையும் வாரிப் போட்டுட்டுச் சிமெண்டு பூசிடுவேன்” என்றார். அந்த ஒரு கோடையைத் தாண்டுவதே அத்தோட்டத்தின் வாழ்வாயிற்று.

அவர் செடி சேர்த்த முறை எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. ஞாயிறுதோறும் மிதிவண்டியில் புறப்பட்டு, ஒரு செடி எங்கே தானாக நிற்கிறது, அதன் நிழலில் எது முளைத்திருக்கிறது, காற்று எப்பக்கம் அடிக்கிறது என்பதையெல்லாம் முதலில் வரைந்துகொள்வார். வரைந்து முடிக்காமல் எதையும் தொடமாட்டார். கடற்கரை மணலிலிருந்து புன்னைக் கன்றும் அடும்பங்கொடியும் வந்தன. கீரப்பாளையத்து வாய்க்கால் கரையிலிருந்து நொச்சி வந்தது. மேல்பட்டாம்பாக்கத்துக்கு அப்பால் இருந்த செம்மண் மேட்டிலிருந்து ஆவாரை வந்தது. கிளுவைக் குச்சிகளை வெட்டி வேலியாக ஊன்றி, அதன்மேல் பிரண்டையைப் படரவிட்டார். ஒவ்வொரு குழியிலும் அடியில் துளையிட்ட மண்கலயம் ஒன்றைப் புதைத்து, நான்கு நாளுக்கு ஒருமுறை அதில் மட்டும் நீர் நிரப்புவார். உதிர்ந்த இலையைப் பெருக்க விடமாட்டார். பள்ளியைப் பெருக்கும் அம்மாளுக்கும் அவருக்கும் இதன் பொருட்டு நாள்தோறும் வழக்கு. “குப்பைய வெச்சிக்கிட்டுத் தோட்டங்கறாரு பாருங்க” என்பார் அந்த அம்மாள். “அது குப்பை இல்ல அக்கா, செடிக்குப் போர்வை. உங்க போர்வைய யாராவது கூட்டித் தள்ளுனா சும்மா இருப்பீங்களா?” என்பார் இவர்.

கணித ஆசிரியர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், எதையும் நகைப்பாக்கிவிடுபவர். திங்கட்கிழமைக் காலைகளில் ஓவிய ஆசிரியரின் மிதிவண்டியில் கட்டிய சாக்கைக் கண்டதும் தொடங்கிவிடுவார்.

“என்னா மாமா, இந்த வாரம் எவன் வேலிய பேத்துக்கிட்டு வந்தீங்க?”

“உங்க வூட்டு வேலிதான் மச்சான். சாயங்காலம் போய்ப் பாருங்க, அடுப்பங்கரையில ஆடு நிக்கும்.”

நான் அவ்வகை நகைப்புகளில் கலந்துகொள்வதில்லை. ஆனால் பகலுணவின்போது செடிகளைப் பற்றி நான் அவரிடம் பேசியதுண்டு. அஃதாவது, பழம்பாடல்களில் வரும் செடிகளைப் பற்றி. பெயர் பெயராகச் சொல்வேன். அவற்றுள் பெரும்பாலானவற்றை நான் கண்ணால் கண்டதில்லை. ஒருநாள் பிடவம் என்னும் பூவைப் பற்றிச் சொன்னேன். கோடையில் இலையின்றி முள்ளாக நிற்கும் குறுஞ்செடி. முதல் மழை விழுந்ததும் உடம்பெல்லாம் வெண்மையாகப் பூத்து மணம் வீசும். பெயர் தெரியும், பூவைக் காட்டுவார் இல்லை என்று வருந்தினேன். ஓவிய ஆசிரியர் உண்பதை நிறுத்திவிட்டு, “முள்ளு எப்படி? ரெட்டை ரெட்டையாவா, ஒத்தையாவா? இலை எதிர் எதிரா இருக்குமா?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. “பாட்டு எழுதுனவங்க பாத்துத்தானே எழுதியிருப்பாங்க, அய்யா” என்று சொல்லிவிட்டு மீண்டும் உண்ணத் தொடங்கினார்.

இன்னொரு நாள் நினைவுக்கு வருகிறது. ஐப்பசியில் என்று நினைக்கிறேன், ஆவாரை முதன்முதலாகப் பூத்தது. மாலையில் தொடர்வண்டி நிலையத்துக்குப் புறப்பட்ட என்னை அவர் கையைப் பற்றி அழைத்துப்போய்க் காட்டினார்.

“பாருங்க தமிழய்யா, இது பூத்ததும் எடமே ஜோரா ஆயிடுச்சு.”

“ஜோர் வேண்டா” என்றேன்.

“பின்ன என்னான்னு சொல்றது?”

“களை என்று சொல்லுங்கள். ஆவாரை பூத்தது, தோட்டத்துக்கே களை வந்துவிட்டது.”

அவர் நெடுநேரம் சிரித்தார். “களைய புடுங்கத்தானே தெனமும் குனியறேன். அதுவே அழகும் ஆயிடுமா?”

ஒரே சொல்லுக்கு இரு பொருள் உண்டு, முகக்களை என்பதில் வருவது எழில், பயிரிடையே முளைப்பது வேறு என்று விளக்கினேன். அவர் ஏட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று நான் விரைந்தேன். நாளொன்றுக்குப் பத்துச் சொல் திருத்திய எனக்கு அந்தச் சொல்லும் அதைக் கொடுத்த வேளையும் வண்டி ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மறந்திருக்கும்.

கோடை வந்தது. ஓவிய ஆசிரியரின் தங்கைக்கு ஊரில் திருமணம் கூடியது. மலேயாவில் இருந்த அண்ணன் அதற்காகவே வந்திருந்தார். விடுமுறை முழுவதும் ஓவிய ஆசிரியர் லால்பேட்டையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. தோட்டம் தாண்ட வேண்டியிருந்த கோடை அதுதான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு அவர் என்னிடம் வந்து கேட்டபோது நான் மகிழ்ச்சியோடு உடன்பட்டேன். செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்திலிருந்து வந்து பார்ப்பதாகச் சொன்னேன். மற்ற நாள்களில் கலயங்களுக்கு நீர் நிரப்பப் பெருக்கும் அம்மாள் இருந்தார். ஊருக்குப் புறப்படும் நாளில் ஓவிய ஆசிரியர் என்னைத் தோட்டத்தைச் சுற்றி அழைத்துச் சென்று ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: “காஞ்சு போச்சுன்னு எதையும் உடனே புடுங்கிடாதீங்க. நகத்தால ஒரு கீறு கீறிப் பாருங்க. உள்ள பச்சை இருந்தா அது தூங்குதுன்னு அர்த்தம். அத எழுப்புறது மழையோட வேலை.” கிணற்றங்கரை அருகில் வந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தவர், புன்னகையோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அன்று அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

நான் சொன்ன சொல் தவறவில்லை. கத்திரி வெயிலில் வாரம் இருமுறை வந்தேன். நொச்சி வாடிற்று, ஆயினும் நின்றது. அடும்பு மணலில் படர்ந்தபடியே இருந்தது. புன்னைக் கன்றுகள் இலையை உதிர்க்காமல் பொறுத்தன. மே மாத நடுவில் சிதம்பரத்து வீட்டு முகவரிக்கு அந்த அஞ்சலட்டை வந்தது. அதில் இருப்பது இவ்வளவே:

‘அன்புள்ள தமிழய்யா அவர்களுக்கு, வணக்கம். திருமண வேலைகள் மிகுதி. செடிகள் நலமா? கிணற்றை ஒட்டி நிற்கும் முட்செடிதான் இனி நம் தோட்டத்துக்குக் களை. முதல் மழை வருவதற்குள் அதைத் தாங்களே நின்று கவனிக்க வேண்டும். பிறரிடம் விட வேண்டா. மற்றவை நேரில்.’

மிகுதி, வேண்டா என்னும் சொற்களைக் கண்டு நான் உள்ளூர மகிழ்ந்தேன். என் உழைப்பு வீண்போகவில்லை என்று மனைவியிடம் அட்டையைக் காட்டினேன். பொருளைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே எழவில்லை. கிணற்றருகே வேண்டாத முட்செடி ஒன்று முளைத்துவிட்டது. மழை வந்தால் பரவிவிடும். அதற்குமுன் நீக்க வேண்டும். அவ்வேலையை என்னிடம் ஒப்படைக்கிறார். செடியைச் சுற்றி அவர் இட்டிருந்த வட்டமும் அதையே சுட்டுவதாகக் கொண்டேன்.

அடுத்த வெள்ளியன்று முற்பகலில் பள்ளிக்குச் சென்று கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முழங்கால் உயரச் செடி; ஓர் இலையும் இல்லை; சாம்பல் நிறக் குச்சிகளில் முள் மட்டுமே நின்றது. நான் முதற்குத்து விடுமுன் பெருக்கும் அம்மாள் விளக்குமாற்றுடன் வந்து நின்றார்.

“அத ஏன் அய்யா தோண்டுறீங்க? அது டிராயிங் சாரு கொண்டாந்து வெச்சது. போறப்ப, இதுக்கு மட்டும் தண்ணிய ஜாஸ்தி காட்டாதீங்க அக்கான்னு சொல்லிட்டுப் போனாரு. வேண்டாத செடிக்கு அப்படிச் சொல்லுவாங்களா?”

“அவரே எழுதியிருக்கிறார், அம்மா. இதோ பாருங்கள், களை என்று” என அட்டையை நீட்டினேன்.

“எனக்கு எங்க எழுத்து தெரியுது” என்றார். ஆனால் போகவில்லை. குனிந்து, ஒரு குச்சியைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். “உள்ள பச்சையாத்தான் இருக்கு அய்யா.”

“களையும் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும்” என்றேன்.

இந்த விடையைச் சொன்ன வாயை நினைத்து நான் வெட்கியது பிற்காலத்தில். அன்று அதன் கூர்மையில் எனக்கு நிறைவே இருந்தது. அந்த அம்மாள், “எழுத்து தெரிஞ்சவங்க சொன்னா சரிதான்” என்று கூறிவிட்டு அகன்றார். செடி எளிதில் வரவில்லை. நட்டுச் சில திங்கள்கூட ஆகாத அந்தச் செடிக்கு வேர் என் முழங்கையைவிட நீளமாக மணலுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு கைகளிலும் முள் கீறிக் குருதி வடிந்தது. பிடுங்கியதை வேலிக்கு வெளியே வெயிலில் எறிந்தேன். வேரோடு கிடந்தால் மீண்டும் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணி, அடுத்த செவ்வாயன்று தீயிட்டும் விட்டேன். ‘தங்கள் விருப்பப்படி களையைக் களைந்தேன்’ என்று விடை எழுதவும் நினைத்தேன். நேரில் சொல்லி அவர் வியப்பதைப் பார்க்கலாம் என்று எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தாலும் அதற்குள் ஆவது ஒன்றுமில்லை.

பள்ளி திறந்தது. தலைமையாசிரியர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பரவால்லையே, தாங்கிடுச்சே” என்றார். சிமெண்டுப் பேச்சு அதோடு ஒழிந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஓவிய ஆசிரியர் திருமண வேலைகள் முடிந்து நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்தார். அதற்கு முந்தின மாலைதான் அவ்வாண்டின் முதல் மழை பெய்திருந்தது. காலையில் நான் பள்ளி வாயிலுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி ஈர மணலில் கிணற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நான் பின்தொடர்ந்தேன். அவர் கிணற்றடியில் நின்றார். சுற்றிப் பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி, “தமிழய்யா, இங்க ஒரு செடி இருந்துச்சே” என்றார்.

“களைந்துவிட்டேன்” என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. இன்னும் ஆறாத முட்கீறல்களைக் காட்டினேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு, “மொட்டு ஏதும் வெச்சிருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

“மேல்பட்டாம்பாக்கத்து மேட்டுல ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தங்க காட்டுனாங்க. புடான்னு சொன்னாங்க. மொத மழைக்கு வெள்ளை வெளேர்னு பூக்கும், வாசம் தூக்கும்னாங்க. உங்க பாட்டுல வர்ற பூவா இருக்குமோன்னு... பூத்தப்பறம் உங்கள கூட்டிக்கிட்டு வந்து காட்டலாம்னு இருந்தேன்.”

அப்போதுதான் அந்த அட்டையின் வரி எனக்குள் மற்றொரு பொருளில் திறந்தது. ஆவாரை பூத்த மாலையும், அவர் ஏட்டில் குறித்துக்கொண்டதும், சிரித்ததும் ஒருசேர நினைவுக்கு வந்தன. ‘தோட்டத்துக்குக் களை’ என்றுதான் அவர் எழுதியிருந்தார். தோட்டத்தில் களை என்று எழுதவில்லை. நான்காம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். கற்றுக்கொண்டவர் உருபைச் சரியாக இட்டிருந்தார். கற்பித்தவன் படிக்கத் தவறினான்.

இதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய்ப்பும் இருந்தது, ஒன்றன்று, இரண்டு. அன்று பகலுணவு வேளையில் செய்தி ஓய்வறைக்குப் பரவிவிட்டது. கணித ஆசிரியர் என்னிடமிருந்து அட்டையை வாங்கி உரக்கப் படித்தார். “என்னா மாமா, நீங்களே களைன்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப வந்து காணோம்னு தேடுறீங்களே. லால்பேட்டையில களைன்னா மல்லியப்பூவா?” எல்லோரும் சிரித்தார்கள். அதில் தீய எண்ணம் இல்லை. நாள்தோறும் நடக்கும் பேச்சுதான். ஆனால் ஓவிய ஆசிரியர் வழக்கம்போல மறுமொழி சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எதைக் கேட்டதென்று எனக்குத் தெரியும். நான்தான் அச்சொல்லைக் கொடுத்தேன், வாக்கியத்தில் பிழை இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேர் முன்னிலையில், தமிழாசிரியனாகிய நான் ஐந்து வரிக் கடிதத்தைத் தவறாகப் படித்தேன் என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. நான் சொன்னது இதுதான்: “களை என்பதற்கு முன் ஓர் அடைமொழி சேர்த்திருந்தால் மயக்கம் நேர்ந்திராது.”

அவர் தலையசைத்தார். “ஆமாங்க அய்யா. நம்ம தமிழு அவ்வளவுதான்” என்றார். கணித ஆசிரியர் கையிலிருந்த அட்டையை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனார்.

அதன் பிறகும் அவர் என்னோடு பேசாமல் இல்லை. செடிகளைப் பற்றிச் சொன்னார், காலையில் வணக்கம் சொன்னார். ஆனால் திருத்துவதற்கு இடமான சொல் எதையும் என்முன் அவர் பேசவில்லை. “ஆமாங்க”, “சரிங்க” என்பனவற்றில் எதைத் திருத்துவது? வரைதாள் ஏட்டின் கடைசிப் பக்கங்களை அவர் அதன்பின் திறந்து நான் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டில் தம் ஊருக்கு அருகில் ஒரு பள்ளிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். தோட்டம் என் பொறுப்பில் விடப்பட்டது. கலயங்களுக்கு நீர் நிரப்பச் சொன்னேன்; இலைகளைப் பெருக்க வேண்டா என்றேன். அவ்வளவே நான் செய்தது. மாணவர்கள் என்னை அங்கே கண்டதால் அது தமிழய்யா தோட்டம் ஆயிற்று. அவர் போன பிறகு ஒரு ஞாயிறன்று மேல்பட்டாம்பாக்கத்து மேட்டுக்குத் தனியே சென்றேன். மேடு சமன்செய்யப்பட்டு, கண்ணுக்கெட்டிய வரை இளங்கரும்பு நின்றது. ஆடு மேய்ப்பவர் எவரையும் காணவில்லை.

இரண்டாம் வாய்ப்பு பத்தாண்டு கழித்து வந்தது. சிதம்பரம் பேருந்து நிலையத்தில், காட்டுமன்னார்கோயில் வண்டிக்காக அவர் நின்றுகொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முன்வந்து கையைப் பற்றினார்.

“சௌக்கியமா தமிழய்யா? புன்னை எல்லாம் எப்படி இருக்கு?”

“காய்க்கத் தொடங்கிவிட்டன.”

“அல்ஹம்துலில்லாஹ். எங்க பக்கம் இந்த வருஷம் மழை ஜாஸ்தி.”

ஜாஸ்தி என்று சொன்னவர் நிறுத்தவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை, திருத்திக்கொள்ளவில்லை. அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். நான் காத்திருந்தேன். மிகுதி என்று அவர் சொல்லிச் சிரிக்கமாட்டாரா என்று ஏங்கினேன். நானே கூட ஜாஸ்தி என்னும் சொல்லைச் சொல்லியிருக்கலாம், அதையேனும் சொல்லியிருக்கலாம். வண்டி வந்துவிட்டது. சன்னலிலிருந்து கையசைத்தார். சிதம்பரத்திலிருந்து லால்பேட்டை ஒன்றும் தொலைவன்று. காலையில் புறப்பட்டால் பகலுணவுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்த வழியை நான் கடைசிவரை கடக்கவில்லை. அவர் மறைந்த செய்தி, கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த லால்பேட்டைக்காரர் ஒருவர் வாயிலாக இரண்டு திங்கள் கழித்து எனக்கு எட்டியது.

இப்போது சிதம்பரத்து வீட்டின் பின்புறம் என் மகன் தொட்டிகளில் பலவகைச் செடி வைத்திருக்கிறான். கத்திரி வெயிலில் அவற்றுள் பாதி காய்ந்துபோகும். பணிப்பெண் அவற்றை எடுத்தெறிய வரும்போது நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சென்று, ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்க்கிறேன். பெரும்பாலும் உள்ளேயும் காய்ந்துதான் இருக்கும். சிலவற்றில் பச்சை தெரியும். அவற்றை விட்டுவைக்கச் சொல்கிறேன். முதல் மழை வரும் மாலைகளில் சன்னலருகே நாற்காலியைப் போடச் சொல்லி அமர்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. பிடவம் பூப்பதை நான் இன்றுவரை கண்டதில்லை.

முதுமையால் என் நினைவு பல இடங்களில் பிறழ்ந்திருக்கலாம். நொச்சி வந்தது கீரப்பாளையத்திலிருந்துதானா என்பதில் எனக்கே உறுதியில்லை. அச்செடியின் பெயர் என் காதில் புடான் என்றே விழுந்தது. அது வேறாக இருக்கலாம். அதுவும் பழம்பாட்டின் பிடவமும் ஒன்றுதானா என்பதைச் செடிநூல் வல்லவர்கள் சொல்ல வேண்டும். மேல்பட்டாம்பாக்கம் பகுதியில் அச்செடி இன்னும் எங்கேனும் நிற்கக் கண்டவர்கள் இருந்தால் தெரிவிக்க வேண்டும். மலரை வெளியிட்ட அன்பர்கள் அடுத்த பதிப்பில் படத்தின் கீழுள்ள பெயரை மாற்ற வேண்டும். இக்குறிப்பில் காணும் பிழைகள் அனைத்தையும் படிப்போர் தயங்காது திருத்துவார்களாக. மேசைமேல் இருக்கும் அஞ்சலட்டையை மீண்டும் ஒருமுறை எழுத்தெண்ணிப் படித்துவிட்டேன். அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.